நூற்றிருபது இட்லி

கொச்சிக்குப் பக்கத்தில் களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடம் பம்புகளைப் பராமரிக்கும் இன்ஜினியராக இருந்தேன். எந்த பம்பை எப்போது கழற்றினோம் என்று எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகம் எண்ணெய் பட்டுக் கிழிந்துகொண்டே இருந்ததால், அதற்குப் பதிலாக ஒரு சின்ன வெப் பக்கம் செய்தேன். அதைச் செய்த இரண்டு வாரமும் வேலைக்குப் போக அவ்வளவு ஆசையாக இருந்தது. பம்புகள்மேல் எனக்கு அப்படியொரு ஆசை வந்ததே இல்லை. யோசித்து யோசித்து, கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஃபுல் ஸ்டாக் படிப்பில் சேர்ந்தேன். கண்ணுக்குத் தெரியும் பக்கம், அதன் பின்னால் விவரங்களைச் சேர்த்துவைக்கும் பகுதி, இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கற்றுத்தரும் படிப்பு.

மட்டாஞ்சேரியில் எங்கள் கீழ்வீட்டுச் சேச்சி பாலக்காட்டுத் தமிழ்க்காரர். இட்லி செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார். கை முழுக்க மாவாக இருக்கும்போதுதான் ஃபோன் அடிக்கும். அவருக்காக ஆர்டர் எடுக்கும் பக்கம் ஒன்றைச் செய்தேன்.

ஒரு மதியம் அதைச் சோதித்துப் பார்த்தேன். பெயருக்கு வாயில் வந்ததை அடித்தேன். நூற்றிருபது இட்லி, நாளைக் காலை ஏழு மணி, பக்கத்து யூதர் தெருவான ஜூ டவுன். ஃபோன் எண்ணுக்கு ஒன்பதையே பத்து தடவை தட்டினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சேச்சி கதவைத் தட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"மோளே, ஜூ டவுன்லேர்ந்து பெரிய ஆர்டராக்கும்! எல்லாம் வேக வச்சாச்சு. ஆனா வீடு எதுன்னு தெரியலை. விளிச்சா ஃபோன் போகவே மாட்டேங்கறது."

அவர் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தேன்: எல்லாம் ஒன்பது. தொழிற்சாலையில் மின்சாரத்தை நிறுத்தி, யாரும் திரும்பப் போடாதபடி சிவப்பு அட்டை மாட்டாமல் ஒரு பம்பையும் நான் தொட்டதில்லை. இங்கே சேச்சியின் ஃபோனுக்குப் போகும் இணைப்பைத் துண்டிக்காமலே சோதனை செய்திருக்கிறேன்.

"சேச்சி, அது நான் போட்ட ஆர்டர். சோதனைக்கு."

சேச்சி கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அப்போ நூத்தியிருபதையும் நீதான் திங்கணும். இல்லேன்னா வா, போய் விக்கலாம்!"

இரண்டு பாத்திரம் இட்லி, ஒரு தூக்கு சாம்பாரோடு ஆட்டோவில் ஜூ டவுன் போனோம். மசாலாக் கிடங்குகளில் மூட்டை இறக்குகிறவர்கள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள். நான் இலைத் துண்டுகளில் வைத்துக் கொடுக்க, சேச்சி சாம்பார் ஊற்றினார். அரை மணி நேரத்தில் பாத்திரம் காலி. இன்ஜினியரிங் படித்ததற்கு அன்றுபோல் நான் பெருமைப்பட்டதில்லை. சாம்பார்த் தூக்கை ஒரு சொட்டுகூடச் சிந்தாதபடி ஆட்டோவில் கட்டியது நான்தான்.

"நாளேயும் வருமோ?" என்று ஒரு சேட்டன் கேட்டார்.

"ஃபோன்ல ஆர்டர் பண்ணணும் சேட்டா. இவள் காட்டித் தருவாள்" என்றார் சேச்சி.

அந்தச் சேட்டனின் சின்ன ஃபோனில் ஆர்டர் பொத்தான் பாதி மறைந்து கிடந்தது. ஃபோனைச் சாய்த்துப் பிடித்து, எப்படியோ அழுத்தினார். சேச்சியின் இடுப்பில் செருகியிருந்த ஃபோன் மணியடித்தது. முதல் நிஜ ஆர்டர்! நடுத்தெருவில் நான் கைதட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொத்தானைச் சரிசெய்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு சின்ன நிறுவனத்தின் நேர்முகத்தில் இந்தப் பக்கத்தைத்தான் காட்டினேன். கேள்வி கேட்ட பெண் அதில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"எங்க வீடு பள்ளுருத்தி. அங்கே கொண்டுவந்து தருவாங்களா?" என்று கேட்டார்.

அன்றைக்கு இல்லை. நான் வேலையில் சேர்ந்த வாரமே, இட்லி போகும் ஊர்களில் பள்ளுருத்தியையும் சேர்த்துவிட்டேன்.