பற்றவைக்காத சிகரெட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டேன். ஐந்து வேளை தொழுகிறவன், பேரன் பேத்தி எடுத்தவன் எழுதுகிற சங்கதியா இது என்று பேனாவை மூடி வைத்த நாட்கள் உண்டு. எட்டாவது வரைதான் படிப்பு. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு வெற்றிலை பாக்குக் கடை இருந்தது. நேர் எதிரே நகரசபையின் ஆண்கள் கக்கூஸ். கடைத் தூணில் தேங்காய்நார்க் கயிறு ஒன்று நாள் முழுக்கக் கங்கோடு தொங்கும். பீடியோ சிகரெட்டோ வாங்குகிறவர்கள் அதில் பற்றவைத்துக்கொண்டு போவார்கள்.

நிலக்கோட்டையிலிருந்து பூக்கூடைகளோடு பஸ்ஸில் வரும் வியாபாரி ஒருவர் மட்டும் அப்படிச் செய்யமாட்டார். நாற்பது வயது, குடும்பஸ்தர். வேலை முடிந்து, அந்தி சாயும் முன் ஒரு சிகரெட் வாங்குவார். கயிறு கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். பற்றவைக்காமலே எதிரே போவார்.

பாவம், மறந்துவிட்டார் என்று ஒருநாள் தீப்பெட்டியோடு பின்னாலேயே ஓடினேன். உள்ளே சுவரோரம் தோல் மண்டிக்காரர் ஒருவர் நின்றிருந்தார். "அண்ணே, நெருப்பு!" என்று குச்சியைக் கிழித்து நீட்டினேன். மண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். பூக்காரர் சிரிப்பை அடக்கமாட்டாமல், "பாய், ஒங்க நெருப்ப யாரு கேட்டா? போயி கடையப் பாருங்க" என்றார்.

ஒன்றும் புரியவில்லை. அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரி டிரைவர், சட்டைப் பையில் பேனா குத்திய ஆபீஸ்காரர் என்று இன்னும் சிலரும் சிகரெட்டைப் பற்றவைக்காமல்தான் கொண்டுபோனார்கள். வெகுநேரம் கழித்து ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். தெருவில் பார்த்தால் முகம்கூடத் தெரியாதவர்கள் மாதிரி நடப்பார்கள்.

விடையைக் கொண்டுவந்தவர் போலீஸ் ஏட்டு. ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தார்.

"ஏய் பாய், கக்கூசுக்கு எதுத்தாப்ல ஒக்காந்திருக்க. ஆம்பளையத் தேடி ஆம்பளையே வாரானாம்ல? எவன் எவன்னு சொல்லு."

"ஏட்டையா, ஒண்ணுக்குப் போறவுக என்கிட்டச் சொல்லிட்டாப் போறாக?"

"கொழுப்பு! நம்மாளு மப்டியில உள்ள நிக்கிறான். நெருப்பு இருக்கான்னு கேக்குறதுதான் அடையாளமாம். இன்னைக்குக் கேக்குறவன் தொலைஞ்சான்."

சொல்லிவிட்டுத் தெருமுனையில் போய் நின்றுகொண்டார். அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விளங்கி முடிக்கவில்லை, பூக்காரர் வந்துவிட்டார். பிடிபட்டால் விடியும் முன் பூ மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிடும். வீட்டில் மனைவி, கல்யாண வயதில் இரண்டு பெண்கள். இந்த விஷயத்தில் என் மார்க்கம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். அடுத்தவன் மானத்தை மூடச் சொன்னதும் அதே மார்க்கம்தான்.

வெளிப்படையாகச் சொல்ல வழியில்லை, ஏட்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். சிகரெட்டை வாங்கிக்கொண்டு அவர் திரும்பியதும் எழுந்து கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன்.

"அண்ணே, செத்த நில்லுங்க. இன்னைக்கு என் கங்குலதான் பத்தவைக்கணும்."

என்னைப் பார்த்தார். தெருமுனையில் நின்ற ஏட்டைப் பார்த்தார். குனிந்து பற்றவைத்து, அங்கேயே நின்று கடைசி வரை புகைத்துவிட்டு நிலக்கோட்டை பஸ்ஸில் ஏறிப் போனார். இருட்டியபின் மப்டிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

பத்து நாள் கழித்துத்தான் பூக்காரர் தலைகாட்டினார். "எப்ப இருந்து தெரியும் பாய்?" என்றார்.

"ஏட்டு சொல்லித்தான். ஆமா, இந்த எடம் இதுக்குன்னு ஒங்களுக்கெல்லாம் யாரு சொன்னா?"

"யாரும் சொல்றதில்ல. மதுரையிலயும் இருக்கு, திருச்சியிலயும் இருக்கு. போய் எறங்குனாத் தெரிஞ்சுரும். இங்க இந்தக் கட்டடம் வாரதுக்கு முந்தி நம்ம ஊரு மலைக்கோட்டை அடிவாரமாம். பேரு கேக்கமாட்டோம், சாதி கேக்கமாட்டோம். நெருப்பு மட்டுந்தான் கேப்போம்."

"வீட்டுல?"

"அவ நல்லவ பாய். அவ மேல ஒரு கொறையும் இல்ல." சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்துச் சிகரெட்டைப் பற்றவைத்தார்.

அன்று முதல் கயிற்றில் பற்றவைத்தே போனார். அதன்பிறகு அவர் எதிரே கக்கூசுக்குள் போய் நான் பார்த்ததில்லை. வேறெங்கே போனாரோ, தெரியாது.

இதைப் படிப்பவர்கள் பிறருக்குச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அவரைத் திருந்தியவர் ஆக்கவேண்டாம், கெட்டவர் ஆக்கவேண்டாம். என்னையும் பெரிய மனிதனாக்க வேண்டாம். நான் கயிற்றை நீட்டினேன், அவர் பற்றவைத்தார். அவ்வளவுதான் நடந்தது.