தூக்கும்போது போடச் சொன்ன பாட்டு

ஜீப்பு அடிவாரத்து முந்தலைத் தாண்டினால் மலையேற்றம். பின்னால் நாங்கள், ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள், முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். ஓட்டுவது என் வீட்டுக்காரர். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். சினிமாப் பாட்டு இல்லை. அதில் வாய்ப்பாட்டே கிடையாது. வெளிநாட்டுப் பிடில்கள். சின்னது இரண்டு, கொஞ்சம் பெரிசு ஒன்று, முழங்காலுக்கு நடுவில் வைத்து வாசிக்கும் பெரிய பிடில் ஒன்று. வளைவு ஒன்றில் திரும்பும்போது பாட்டு சட்டென்று நிற்கும். எங்களில் ஒருத்தி கை தட்டுவாள். “அப்பாடா, முடிஞ்சிருச்சுடி.” அவர் கண்ணாடியில் பார்ப்பார். “பொறு ஆத்தா. மூச்சு வாங்குறாய்ங்க. இன்னும் மூணு பாகம் இருக்கு.” “மூணா? எறக்கி விட்ருண்ணே, நாங்க நடந்தே வர்றோம்.” வண்டியே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டாவது பாகம் மெதுவாக ஆரம்பித்துவிடும். அவர் கியரை மாற்றி வேகத்தைக் குறைப்பார். ஏற்றத்துக்காகவா பாட்டுக்காகவா என்று நான் கேட்டதில்லை.

அந்தப் பாட்டு அவருக்கு எஸ்டேட் சாரிடமிருந்து வந்தது. பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருந்த மலையாளி. பல வருஷம் அவருக்குத்தான் இவர் ஜீப்பு ஓட்டினார். சார் வண்டியில் ஏறினால் முதலில் பாட்டைப் போடுவார். அப்புறம்தான் பேச்சு. இருநூறு வருஷத்துக்கு மேலே ஆன பாட்டு, வியன்னா என்ற ஊர்க்காரர்கள் கட்டியது என்று சொல்வாராம். சாருக்கு வயதாகி, தோட்டத்தை விற்றுவிட்டு மகளோடு போனார். போகிற அன்று வண்டியில் செருகியிருந்த பென்டிரைவை எடுக்காமல் இறங்கினார். இவர் எடுத்து நீட்டினார். “அது நீ வெச்சோ” என்று சார் சொல்லிவிட்டார். பிறகு இவர் சார் விட்டுப்போன அதே ஜீப்பில் ஆள் ஏற்றும் சோலிக்கு வந்தார். பாட்டும் கூடவே வந்தது.

எனக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியைக் கழுவும்போது போடுவார். நான் பக்கத்தில் துணி துவைப்பேன். நாங்கள் இரண்டு பேருமே அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. அந்த நேரத்தில் மட்டும் அவர் பேசுவார். “நாலு பேரு பேசுறாய்ங்க பாரு. ஒருத்தன் பேசுனா மத்தவன் கேக்குறான். அப்பறம் அவன் பதில் சொல்றான். சண்டையே இல்ல. நம்ம சொந்தத்துல இப்படி நாலு பேரு உண்டா?” என்பார். முதல் பாகம் வீட்டை விட்டு வெளியே போய் எங்கெங்கோ சுற்றி வீட்டுக்குத் திரும்பும் என்பார். இரண்டாவது மெதுவானது. மூன்றாவது பெரிய மனிதர்கள் ஆடுவதற்குப் போட்டது. நாலாவது ஓட்டம். கேட்டுக் கேட்டு நானும் அடையாளம் தெரிந்துகொண்டேன். அதைக் கட்டியவர் பெயரையும் சொல்வார். என் வாயில் அது வராது.

அந்த ஆள் ஒரு ஜமீன் வீட்டில் சம்பளத்துக்கு இருந்தவராம். சீருடை போட்டுக்கொண்டு வேலைக்காரர்களோடு வேலைக்காரராக. காலையில் போய் வெளி அறையில் நிற்க வேண்டும். இன்றைக்கு என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டு வர வேண்டும். “நம்மள மாதிரித்தான்” என்று சொல்லிவிட்டு டயரில் தண்ணீர் அடிப்பார். அதே ஊரில் பாட்டுக் கட்டுகிற இன்னொருத்தர். வயதில் இளையவர். முதலாளியை முறைத்துக்கொண்டு வந்துவிட்டவர். சீக்கிரமே செத்தும் போனார். இரண்டு பேரும் கூட்டாளிகளாம், ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பார்களாம். சின்னவர் செத்த செய்தி கேட்டபோது பெரியவர் ஊரிலேயே இல்லையாம். அதைச் சொல்லும்போது இவர் முகம் தனக்கு வேண்டிய ஆள் போனது மாதிரி இருக்கும். துணியைப் பிழிவேன்.

நெஞ்சில் கட்டி வந்தது அவருக்கு. இருமல் என்று நினைத்தோம். தேனி பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வெளியே நின்ற என்னையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். திரும்பும்போது பஸ்சில் ஜன்னல் ஓரம் அவர் உட்கார்ந்தார். பஸ் ராசிங்காபுரம் பிரிவைத் தாண்டியது. அப்புறம், “என்னயத் தூக்கும்போது கொட்டு வேணாம். அந்த ரெண்டாவத போடு. மெதுவானத” என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. “அதுல மூணு பேரு கீழ நின்னு தாங்குவாய்ங்க. ஒருத்தன் மட்டும் மேல போவான். தாங்குறவன் ஒருத்தனும் விட மாட்டான். தூக்கவும் நாலு பேரு, வாசிக்கவும் நாலு பேரு, சரியாப் போச்சு” என்று சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. முதுகைத் தடவிவிட்டேன். “சரி” என்றேன். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அவர் போன அன்று காலையிலேயே என் கொழுந்தனிடம் சொன்னேன். அவர்தான் எல்லாம் முன்னின்று பார்த்தவர். பந்தல், சொல்லிவிடுவது, சுடுகாட்டு ஏற்பாடு என்று ஓடிக்கொண்டிருந்தார். “கொட்டு இல்லாமயா? அநாதப் பொணம்னு பேசுவாய்ங்க மதினி. எங்கண்ணன அப்படி அனுப்ப முடியாது” என்றார். “அவுக கேட்டது” என்றேன். “நோக்காட்டுல பேசுனத எல்லாம் புடிச்சுக்கிட்டு இருக்கியே.” நான் மறுபடி அதையே சொன்னேன். கடைசியில் ஒன்று முடிவானது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து நீர்மாலை வரும் வரை கொட்டு. அதற்குப் பிறகு நிறுத்திவிட்டு மைக்செட்டில் இவர் பாட்டு. நாலு பாகமும் ஒரே பாட்டாகச் சேர்ந்திருப்பதால் முதலிலிருந்துதான் ஓடும். முதல் பாகம் ஓடி முடிவதற்குள் குளிப்பாட்டி வாய்க்கரிசி போட்டுவிடலாம். தூக்கும்போது சரியாக இரண்டாவது வரும். நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துத்தான் சொன்னேன். பென்டிரைவை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். அவிழ்த்துக் கொடுத்தேன்.

எல்லாம் நினைத்த மாதிரியே நடந்தது. நீர்மாலை வந்தது, கொட்டு நின்றது. தெருவில் கட்டியிருந்த மைக்செட் குழாயில் பிடில் சத்தம் வந்ததும் அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட ஒரு நிமிஷம் நிமிர்ந்தார்கள். “மலையில போடுறதுல்ல இது” என்றாள் என்னோடு காயெடுப்பவள். அவரைக் குளிப்பாட்டினார்கள். புது வேட்டி கட்டினார்கள். வாய்க்கரிசி போட்டேன். முதல் பாகம் வெளியே சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற இடம் எனக்குத் தெரியும். அது வந்தபோது நாலு பேர் பாடையின் பக்கத்தில் வந்து குனிந்தார்கள். முதல் பாகம் முடிந்தது. பாட்டு நின்றது.

மைக்செட்டுக்காரர் பட்டென்று அணைத்துவிட்டார். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தார். வேறு என்ன நினைப்பார்? நம் ஊரில் பாட்டு நின்றால் முடிந்தது என்றுதான் அர்த்தம். சத்தம் இல்லாமல் பிணத்தைத் தூக்கக் கூடாது என்று யாரோ கத்த, கொட்டுக்காரர்கள் அடித்தார்கள். வேட்டு வெடித்தது. “நிக்கல, அது நிக்கல” என்று நான் சொன்னேன். என்னைச் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பெண்கள், நான் அவரைத் தூக்க விடமாட்டேன் என்று அழுவதாக நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். நாலு பேரும் தூக்கிவிட்டார்கள். தெருமுனை திரும்பும் வரை கொட்டுச் சத்தம் கேட்டது.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவர் தலை வைத்திருந்த இடத்தில் விளக்கு வைத்தார்கள். பொழுது சாய்கிறபோது மைக்செட்டுக்காரர் குழாயை அவிழ்க்க வந்தார். சின்ன வயதுப் பையன்தான், முகம் தெரிந்த பையன். புருஷன் போன அன்று தெருவுக்கு வரக்கூடாது. நான் நிலைப்படியில் நின்று கூப்பிட்டேன். “தம்பி, அந்தப் பாட்டப் போடு.” “அது முடிஞ்சிருச்சேக்கா.” “முடியல. போடு.” பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டான்.

முதலிலிருந்து ஓடியது. நடுவில் ஆண்கள் சுடுகாட்டிலிருந்து குளித்துவிட்டு ஈரத் துண்டோடு திரும்பினார்கள். கொழுந்தன் முன்னால் வந்தார். “இப்ப எதுக்கு மதினி இது?” என்று கேட்டார். பாட்டு நின்றது. பையனின் கை பெட்டிக்குப் போனது. நான் கையைத் தூக்கினேன். பையன் கையை எடுத்துக்கொண்டான்.

மெதுவானது வந்தது. மூன்று பிடில் கீழே நிற்க, ஒன்று மேலே போனது. குழாயில் கரகரப்பாகத்தான் கேட்டது. எதிர்வீட்டில் சட்டி கழுவுகிற சத்தம் நின்றது. கொழுந்தன் குழாயைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். அவரும் ஒரு பக்கம் தோள் கொடுத்தவர். வலது தோளில் மூங்கில் அழுத்திய தடம் சிவந்திருந்தது. காலையிலிருந்து அவர் அழவில்லை. வேலை பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது அப்படியே தெருவாசலில் உட்கார்ந்தார்.

“இதத்தான் கேட்டானா மதினி?”

“ஆமா.”

“கடைசில நம்ம கொட்டுச் சத்தத்தத்தான காதுல வாங்கிட்டுப் போனான்.”

அவர் துண்டில் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பாகம் முடிகிற வரை தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. நான் நிலைப்படியைத் தாண்டித் தெருவில் இறங்கினேன். யாரும் தடுக்கவில்லை. கொழுந்தன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.