கிருபையின் காலத்தில் எங்கள் மகன்

என் கணவருக்குப் பொதுப்பணித் துறையில் வரைபடப் பிரிவில் வேலை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், சாஸ்திரி நகர் வீட்டின் சாப்பாட்டு மேசையில் வெள்ளைக் காடாத்துணியை விரித்து வரிசையாக ஏழு வட்டங்கள் வரைந்தார். தேவன் மனிதரை நடத்திய ஏழு காலங்கள் அவை. குற்றமறியாத காலம், அடுத்து மனச்சாட்சியின் காலம், பிறகு மனித ஆளுகை, வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம் என்று போய், நாம் இப்போது இருக்கும் கிருபையின் காலம் ஆறாவதாக வரும். ஆயிரவருட அரசாட்சி இனிமேல்தான். ஒவ்வொரு காலத்திலும் தேவன் மனிதனுக்கு ஒரு பொறுப்பைக் கொடுக்கிறார், மனிதன் தோற்கிறான், தீர்ப்போடு அந்தக் காலம் முடிகிறது என்று விளக்குவார்.

எங்கள் சபை அடையாறில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. மேளமோ கைத்தட்டலோ கிடையாது. ஞாயிறு காலையில் அப்பம் பிட்டு, பாடிவிட்டுக் கலைவோம். சாயங்கால வேத வகுப்பில் அவர் அந்தத் துணியை மாட்டி வைத்துப் பாடம் எடுப்பார். முப்பது வருஷமாக நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகன். பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொன்னான். சண்டைக்காரக் குரலில் சொல்லவில்லை.

"நம்புற மாதிரி நடிச்சா உங்களைத்தாம்பா ஏமாத்துறேன்," என்றான்.

அவன் அப்பா கோபப்படவில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். மறுநாளிலிருந்து காலையில் அவர் முழங்காலில் நின்று ஜெபிக்கும் நேரம் கூடியது. மகனும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் காரில் கொண்டுவந்து சபை வாசலில் இறக்கிவிடுவான், முடியும்வரை எதிர் டீக்கடையில் காத்திருப்பான். தன்னோடு வேலை பார்த்த ஒருவனை அநியாயமாக வெளியே அனுப்பியபோது அவனுக்காக மேலதிகாரிகளிடம் பேசப் போய், தனக்கு வரவேண்டிய பதவி உயர்வைக் கெடுத்துக்கொண்டான். எங்களிடம் அதை அவன் சொல்லவே இல்லை. அவனுடைய நண்பர்கள் சொல்லித்தான் பிறகு தெரியும்.

அந்த வருஷ மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். டெங்கு என்று தெரிந்து கிண்டிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது உள்ளே ரத்தக்கசிவு தொடங்கியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மதியம் டாக்டர் எங்கள் இருவரையும் அழைத்து, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். ஏன் சொல்கிறார் என்று புரிந்தது.

வாயில் குழாயோடு படுத்திருந்தான். கண் திறக்கவில்லை. என் கணவர் அவன் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு காதருகே குனிந்தார்.

"தம்பி, அப்பா பேசுறேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். இயேசுவை ஏத்துக்கிறேன்னா அப்பா கையை லேசா அழுத்து. அது போதும்."

நான் கட்டிலின் மறுபக்கம் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி கேட்டார். நர்ஸ் வந்து மருந்துப் பையை மாற்றும்வரை ஒதுங்கி நின்றுவிட்டு, திரும்ப வந்து கேட்டார். வார்டு உதவியாளர் எட்டிப் பார்த்து, "சார், போதும் சார், டாக்டருங்க வந்துகினு கீறாங்க," என்றார். விரல்கள் அசையவே இல்லை.

மறுநாள் காலையில் போய்விட்டான்.

வீட்டுக் கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தபோது சபை மூப்பர் என் கணவரின் தோளைத் தொட்டு, "கடைசியில ஏதாவது அடையாளம் காட்டினாரா, பிரதர்?" என்று தணிந்த குரலில் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சந்தோஷமாக நம்பியிருப்பார்கள். நானும் காலப்போக்கில் நம்பியிருப்பேன்.

"இல்லை பிரதர். காட்டலை," என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் மூப்பர் உயிரோடிருப்பவர்களைப் பற்றி மட்டும் பேசினார். மனந்திரும்பத் தாமதிக்காதீர்கள் என்றார். என் மகன் இப்போது எங்கே இருக்கிறான் என்பதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. மற்ற அடக்கங்களில், கர்த்தரிடம் போய்விட்டார் என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கும்.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு ஒருநாள் நானே என் கணவரிடம் கேட்டேன். "ஜலப்பிரளயத்துக்கு முன்னாடி இருந்தவங்களை தேவன் மனச்சாட்சிப்படி நடத்தினாருன்னு சொல்வீங்களே. இவனுக்கும் மனச்சாட்சி இருந்துச்சு. அதை வச்சுப் பார்க்க மாட்டாரா?"

"அது அந்தக் காலம்," என்றார். "இது கிருபையின் காலம். விசுவாசிச்சாத்தான் இரட்சிப்பு."

"கிருபைன்னா அதைவிடக் கொஞ்சம் கூடத்தானே இருக்கணும்?"

அவர் எழுந்து உள்ளே போனார். அன்றிலிருந்து அலமாரியிலிருந்த வேத விளக்கவுரைகளை, மகனுக்கு எங்காவது இடம் இருக்கிறதா என்று, ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படிப்பார். இப்படியே வாரக்கணக்கில் போயிற்று. கடைசியில் ஒரு சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்று, "கிடைக்கலை," என்றார். தேடாமலே சொல்லியிருந்தால் அவர் மேல் கோபப்பட்டிருப்பேன். அந்தக் கோபத்தைக்கூட அவர் எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா குப்பத்துக் கத்தோலிக்கர். அடுத்த வருஷம் நவம்பர் தொடக்கத்தில் அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கல்லறைத் திருநாளுக்கு எங்க ஊட்டுக்காரருக்கு மெழுகுவத்தி ஏத்தி வேண்டிக்கினு வருவேன். உம் புள்ளைக்கும் சேத்து ஏத்தட்டாம்மா?" என்று கேட்டார். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் போதனையில் இல்லை. ஏற்றச் சொன்னேன். கல்லறைத் திருநாள் சாயங்காலம் முழுக்க அந்தச் சுடரை மனதில் கொண்டுவரப் பார்த்தேன். அந்த அம்மாவின் கணவருக்கு அது எரிந்தது. என் மகனுக்கு அது வெறும் மெழுகாகத்தான் தெரிந்தது. முப்பது வருஷம் கேட்ட பாடம் அவ்வளவு ஆழமாக எனக்குள் இறங்கியிருந்தது.

இந்த வருஷம் சபையில் என் கணவரை மறுபடியும் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். துணியை மாட்டிப் பாடத்தை ஆரம்பித்தார். ஆறாவது வட்டத்துக்கு வந்ததும், சபைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். எங்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. "அங்கிள், ரொம்ப நல்லவங்க, ஆனா கடைசி வரைக்கும் விசுவாசிக்காமலே போயிட்டாங்கன்னா?" என்று கேட்டாள்.

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் குனியவில்லை. முப்பது வருஷமாக என்ன சொல்லி வந்தாரோ அதையே, அதே குரலில், ஒன்றையும் விடாமல் சொன்னார். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுக்குள் வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைப் பார்த்து, "நான் சொன்னது சரிதானே?" என்று கேட்டார்.

"சரிதான்," என்றேன்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தோசை வார்த்தேன். இரண்டோடு போதும் என்றார்.