ஸ்டியரிங் கனத்துப்போன மாதங்கள்

காக்கிச் சட்டையின் நான்காம் பொத்தானுக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்குத் துணி வெளுத்து மெலிந்து போயிருக்கும். ஸ்டியரிங்கின் கீழ் விளிம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் வயிற்றில் உரசி உரசி வந்த தேய்மானம் அது. சேலத்திலிருந்து ஏற்காடு வழியாக வாழவந்தி போகும் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்த காலத்தில், எங்கள் டிரைவர் அண்ணனின் எல்லாச் சட்டைகளிலும் அந்த வெளுப்பு இருந்தது. சட்டை சீக்கிரம் கிழிந்துவிடாமல் இருக்க, சீட்டில் ஏறியதும் ஒரு துண்டை நான்காக மடித்து வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் செருகிக்கொள்வார். அதில் அவருக்குக் கூச்சம் ஏதும் கிடையாது. முன் சீட்டுப் பயணிகள் யாராவது பார்த்துச் சிரித்தால், "எனக்கும் வண்டிக்கும் நடுவுல காத்துக்கூடப் பூராதுங்க, அத்தன ஒறவு" என்பார்.

அந்த பஸ் இரவில் வாழவந்தியில் தங்கி, விடிந்ததும் முதல் பஸ்ஸாகக் கீழே இறங்கும். தங்கும் பஸ் என்றால் டிரைவரும் கண்டக்டரும் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் டிரைவர் அண்ணனுக்கு வாழவந்திதான் சொந்த ஊர். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் வீடு. அவர் மனைவி, நான் அக்கா என்று அழைத்தவர், பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் வேலையில் இருந்தார். அண்ணன் இளவயதில் பல ஆண்டுகள் சமவெளியில் ஓட்டி, வாரம் ஒரு முறை மட்டும் வீட்டுக்கு வந்து போனவர். கேட்டுக் கேட்டு, காத்திருந்து வாங்கிய வழித்தடம், எங்கள் பேச்சில் லைன், அது. மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் இருவர் மட்டுமே. தினமும் வேலை முடிந்து தன் வீட்டுக் கதவைத் தட்டும் மலைப்பாதை டிரைவர், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். நானும் இரவுச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டு, போர்வையோடு பஸ்ஸுக்குத் திரும்புவேன்.

டிரைவர்களுக்கு அவ்வப்போது உடல் பரிசோதனை உண்டு. அந்த முறை நானும் துணைக்குப் போயிருந்தேன். டாக்டர் பொறுமையான மனிதர். சர்க்கரை கூடியிருக்கிறது, எடையும் கூடியிருக்கிறது, அடுத்த பரிசோதனையில் இரண்டும் இறங்கியிருக்காவிட்டால் மலைப்பாதையில் ஓட்டத் தகுதி எழுதித் தர முடியாது என்றார். அதோடு நிறுத்தவில்லை. ஒரேயடியாகச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காய்கறி, பயறு, முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள், நடங்கள், மாதாமாதம் வந்து காட்டுங்கள், எடை இறங்க இறங்க மாத்திரையின் அளவையும் நான் மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஆனால் லைன் போய்விடும் என்பதற்குப் பிறகு சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை என்பது வெளியே வந்ததும் தெரிந்தது. "லைனை எடுத்துருவாங்களாம் தம்பி" என்பதை மட்டும் பஸ் நிலையம் வரும்வரை இரண்டு மூன்று முறை சொன்னார்.

அப்போது எங்கள் கேண்டீன் சுவரில் உடம்பு இளைக்கும் உணவுமுறை என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்த நகலின் நகல். காலையில் சர்க்கரை போடாத டீ, மதியம் ஒரு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும், இரவு மோர், பசித்தால் ஒரு கொய்யா. நாள் முழுவதற்கும் எண்ணூறு கலோரி என்று அடியில் கோடு போட்டிருந்தது. மேல் வரிகள் நகலில் விழவில்லை. அந்த முறை யாருக்கு, எத்தனை நாளைக்கு, யார் மேற்பார்வையில் என்பதெல்லாம் அந்த வரிகளில் இருந்திருக்கக்கூடும். வயிறு பெருத்த டிரைவர்கள் எல்லோருமே அதை நின்று படித்தார்கள், இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் புரோட்டா சாப்பிடப் போனார்கள். அண்ணன் மட்டும் விடவில்லை. "ஏத்தத்துல லோடு கொறஞ்சா வண்டி லேசா இழுக்குமில்ல? ஒடம்பும் அப்படித்தான் தம்பி" என்றார். டாக்டரிடம் மாதாமாதம் போய்க் காட்டவுமில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் முன்பு போலவே முழுதாக, வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். மாத்திரை விஷயத்தில் ஒழுங்காக இருக்கிறோம் என்பதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அதன் பிறகு அந்த வீட்டின் இரவுச் சாப்பாடு மாறிப்போனது. அக்கா ராகிக் களி உருட்டி, அவரைக் கொட்டைக் குழம்பு ஊற்றி எனக்கு வைப்பார். அண்ணன் எதிரே மோர் டம்ளரோடு உட்கார்ந்திருப்பார். சில நாள் களியின் வாசம் தாங்காமல் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

"ஏனுங்க தம்பி, பொழுதுக்கும் ஸ்டியரிங்கு புடிக்கிற மனுசன் மோரக் குடிச்சிட்டுப் படுத்தா ஆகுமுங்களா? நீங்களாச்சும் சொல்லுங்க" என்பார் அக்கா, வாசலுக்குக் கேட்கும்படி.

"நீ தின்னுட்டுப் படு. செக்கப்புல தோத்துட்டன்னா அப்பறம் வாரத்துக்கு ஒருக்காத்தான் என்ற மூஞ்சியப் பாப்ப."

"இப்ப மட்டும் என்னத்தப் பாக்கறன்? சோத்துக்கு உக்காந்தா முதுகத்தான காட்டறீங்க."

அவர் உள்ளே வந்து டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடிப்பார். கோபத்தில் மோர் குடித்து நான் பார்த்த மனிதர் அவர் ஒருவர்தான்.

எடை இறங்கத்தான் செய்தது, அதுவும் வேகமாக. துண்டு செருகத் தேவையில்லாமல் போனது. வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி வந்தது. ஏற்காடு பஸ் நிலையத்து டீக்கடைக்காரர், "அண்ணனுக்கு மறுபடியும் பொண்ணு பாக்கலாமுங்க" என்று சொல்லிச் சர்க்கரை இல்லாத டீயை நீட்டுவார். தினசரிப் பயணிகள் ஆளாளுக்கு ரகசியம் கேட்டார்கள். நாங்கள் எல்லோருமே பாராட்டினோம். கண்ணுக்குத் தெரிந்தது இளைத்த உடம்பு மட்டும்தானே. அவர் காக்கிக்கு உள்ளே ஸ்வெட்டர் போட ஆரம்பித்ததையும், வண்டியிலிருந்து இறங்கியதும் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்ற பிறகே நடந்ததையும், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர் படியில் நின்ற கல்லூரிப் பையன்களிடம் சீறியதையும் நான் கவனித்தேன். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நாட்களில்தான் ஸ்டியரிங் கனக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். எங்களுடையது பழைய வண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் தோளைக் கொடுத்துத்தான் திருப்ப வேண்டும். ஆனாலும் அவர் அதை ஒற்றைக் கையால் சுழற்றிப் பார்த்திருக்கிறேன். "நொம்ப இறுக்கமா இருக்குது, பாரப்பா" என்று மெக்கானிக்கிடம் வண்டியை விட்டார். மெக்கானிக் கிரீஸ் அடித்தார், டயரில் காற்று பார்த்தார், முன் அச்சை ஆட்டிப் பார்த்தார். மறு வாரமும் அதே புகார். அதற்கும் மறு வாரம் மெக்கானிக் தானே ஏறி ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஸ்டியரிங்கு பூப்போல சுத்துதுங்கண்ணா. லோடக் கொறைங்கன்னு டாக்டர் சொன்னா, நீங்க டீசலையே கொறச்சிட்டீங்களாட்டம் இருக்குது."

கேண்டீன் முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். சிரித்துவிட்டு, வேறு டெப்போவில் காட்டிப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

ஐப்பசி மாதத்து மூடுபனிக் காலை அது. முதல் பஸ் வாழவந்தியிலிருந்து ஏற்காடு வந்து, அங்கே நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கியது. சன்னல் எல்லாம் அடைத்திருந்தது. பயணிகள் சால்வையும் குரங்குக் குல்லாயுமாகச் சுருண்டிருந்தார்கள். நான் டிக்கெட்டை முடித்துவிட்டு முன்னால் வந்தபோது, அண்ணனின் பின்கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டர் கழுத்துப் பட்டை நனைந்து கறுத்திருந்தது. ஒரு வளைவில் அவர் ஹாரன் அடிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் அப்படி நடந்ததில்லை. "அண்ணா" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வளைவுக்கு முன்னால், மலைச்சுவர் ஓரமாக வண்டியை ஒதுக்கி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

"தம்பி, பின் டயருக்குக் கட்டை வை" என்றார். நாக்கு குழறியது.

நான் இறங்கிக் கட்டை வைத்துவிட்டு ஏறியபோது வண்டிக்குள் பேச்சு கிளம்பியிருந்தது. "நின்னு போச்சுங்களா?" "அந்த ஸ்டியரிங்குதானுங்க, பாவம், அவரும் சொல்லிட்டே இருந்தாரு." அண்ணன் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்தபடி, தலையைத் திருப்பாமல் சொன்னார்: "வண்டிக்கு ஒண்ணுமில்லைங்க. எனக்குத்தான். வளைவு ரெண்டு ரெண்டாத் தெரியுது."

ஏற்காட்டில் ஏறியிருந்த ஒரு நர்ஸம்மா எழுந்து வந்தார். சர்க்கரை மாத்திரை போடுகிறாரா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். காலையில் என்ன சாப்பிட்டார் என்றார். டீ, அதுவும் சர்க்கரை இல்லாமல் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. "யாருகிட்டயாவது இனிப்பா ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று பின்னால் பார்த்துக் குரல் கொடுத்தார். செம்மநத்தத்து விவசாயி ஒருவர், சேலத்துச் சம்பந்தி வீட்டுக்கு என்று துணியில் சுற்றி வைத்திருந்த தேன் பாட்டிலை அவிழ்த்தார். தண்ணீரில் கலக்கி, விழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சிறுகச் சிறுகக் கொடுத்தார் நர்ஸம்மா. சற்று நேரத்தில் வியர்வை நின்றது. எஸ்டேட்டுக்காரப் பெண் ஒருவர் தன் டிபன் பாக்ஸை நீட்டினார். "இட்லி தின்னுங்க. சட்னிதான் கொஞ்சம் காரம், கோவிச்சுக்காதீங்க." பல மாதங்களுக்குப் பிறகு அண்ணன் வயிறாரத் தின்று நான் பார்த்தது, அந்த வளைவில், பயணிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கத்தான்.

தின்று முடித்ததும் முகம் தெளிந்துவிட்டது. கையை நீட்டிப் பார்த்தார், ஆடவில்லை. "அதுதான் சரியாயிருச்சில்லீங்க, மெதுவா எடுங்க. கேட்டா ரேடியேட்டர் சூடாயிருச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார் ஒரு தினசரிப் பயணி. கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. லைன் விஷயம் அந்த பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். நர்ஸம்மா தேன் பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் கண்ணாடி வழியே எதிரிலிருந்த வளைவைப் பார்த்தபடி இருந்தார். பிறகு என்னிடம் கைபேசியை வாங்கி டெப்போவைக் கூப்பிட்டார். "வேற டிரைவர அனுப்புங்க சார். வண்டி நல்லாருக்குது. எனக்கு மயக்கம் வந்துருச்சு. ஆமாங்க சார், ஓட்டிட்டு இருக்கறப்பத்தான்." போனை என்னிடம் கொடுத்துவிட்டு, சீட்டிலிருந்து இறங்கி, முதல் வரிசையில் பயணிகளோடு உட்கார்ந்துகொண்டார்.

அதே டாக்டர்தான் அவரைப் பார்த்தார். குறைந்த கலோரியில் உடம்பை இளைக்க வைக்கும் முறை இல்லாமல் இல்லை என்று அவர் விளக்கினார். மருத்துவர் அருகிலிருந்து, ரத்தத்தைச் சோதித்து, மாத்திரையைக் குறைத்து, புரதமும் சத்தும் குறையாமல் பார்த்து, சிலருக்கு மட்டும், சில வாரங்களுக்கு மட்டும் செய்வது அது. தனியாக, மாதக்கணக்கில், மாத்திரையை முழுதாகப் போட்டுக்கொண்டு செய்தால் சர்க்கரை தரைக்கு இறங்கிவிடும். போனது கொழுப்பு மட்டுமில்லை, தோள் சதையும் கைச் சதையும் சேர்ந்து போயிருக்கிறது என்றார்.

"அப்ப ஸ்டியரிங்குங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"ஸ்டியரிங் எப்போதும் போலத்தான் இருந்திருக்கும்" என்றார் டாக்டர்.

மலைப்பாதைத் தகுதி நிறுத்தப்பட்டது. சர்க்கரை பல மாதங்கள் நிலையாக இருந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது, அதற்குள் லைன் வேறொருவருக்குப் போயிருந்தது. உடனே வண்டி ஓட்டவும் விடவில்லை. தேறிய பிறகு சேலத்தில் டவுன் பஸ் கொடுத்தார்கள். இரவில் தங்குவது டெப்போவிலேயே. இறங்கிய எடையில் ஒரு பகுதி திரும்பி வந்தது. பிறகு மாதாமாதம் டாக்டரிடம் காட்டி, களியும் கீரையும் முட்டையும் அளவோடு சாப்பிட்டு, மெதுவாக இறக்கினார். தகுதி இருந்தும், ஓய்வு பெறும்வரை மலைப்பாதை லைன் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இப்போது எனக்கு அவருடைய அன்றைய வயது. பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன். என் டாக்டரும் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், குறைத்துக்கொண்டிருக்கிறேன், அவர் சொன்ன வேகத்தில். இன்று கேண்டீன் சுவரில் தாள் இல்லை. இளம் டிரைவர்கள் கைபேசியில் காட்டுகிறார்கள்: இருபது நாளில் இத்தனை கிலோ, முப்பது நாளில் இத்தனை. நான் அறிவுரை சொல்வதில்லை. மாத்திரை ஏதாவது போடுகிறாயா, டாக்டரிடம் கேட்டாயா என்று மட்டும் கேட்பேன். பாதிப்பேர் போனை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். சிலர் உட்கார்ந்து பேசுவார்கள்.

டவுன் பஸ்ஸுக்குப் போன பிறகு முதல் வார விடுமுறையில், அண்ணன் எங்கள் பஸ்ஸிலேயே பயணியாக வாழவந்திக்கு வந்தார். புது டிரைவர் ஓட்ட, சன்னலோரம் சாய்ந்தவர் மூன்றாம் வளைவு தாண்டுமுன் தூங்கிப்போனார். ஊர் வந்ததும் தோளைத் தொட்டு எழுப்பினேன். அன்று இரவு எனக்கும் அங்கேதான் சாப்பாடு. அண்ணன் ஒரு உருண்டைக் களியும் நிறையக் கீரையுமாக, பேசாமல், நிதானமாகத் தின்று முடித்துக் கை கழுவக் கொல்லைக்குப் போனார். அக்கா அவருடைய காலித் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் ஊட்டுக்கு வந்தப்ப ஒரு வாய் திங்கல. இப்ப வாரத்துக்கு ஒருக்கா வர்றாரு, உக்காந்து திங்கறாரு. எது தேவலைன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலீங்க தம்பி" என்றார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க என்ன கைய வெச்சுட்டே உக்காந்திருக்கறீங்க, இன்னொரு உருண்டை வெக்கட்டுங்களா?" என்று கேட்டார்.