விறைத்த குழாய்

ஓடைப்பட்டியில் எனக்குத் திராட்சைத் தோட்டம். தேனி டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரையும் எழுதியதும் எகிறினேன்.

"தலைசுத்தல்கூட இல்லை. எதுக்கு டாக்டர் ரெண்டு?"

"அழுத்தத்தை இப்படியே விட்டா ரத்தக்குழாய் விறைச்சுப் போகும். நல்லா இறக்கினாத்தான் விறைப்பு மட்டுப்படும்."

"விறைச்சா குழாயை மாத்திருங்க!"

கூட வந்த என் மனைவி குறுக்கிட்டாள். "பக்கத்துத் தோட்டத்து முருகன் விறைச்சுப்போன சொட்டுநீர்க் குழாய்ல முழு வேகமா தண்ணி விட்டான். 'ஏலே, வெடிச்சிரும், வால்வைக் குறைலே'ன்னு நேத்து ஊரைக் கூட்டுனது இவுகதான் டாக்டர்."

டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் கவிழ்ந்தார். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

முருகன் குழாய்க்குப் பதறிய எனக்கு, எனக்குள்ளும் குழாய் ஓடுவது அன்றுதான் உறைத்தது. மனைவி முருகனிடமும் சொல்லிவிட்டாள். இப்போது தினமும் காலையில் மாத்திரை நேரத்துக்கு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து முருகன் கத்துகிறான்: "அண்ணே, வால்வைக் குறைச்சாச்சா?"