தீவுப் பயணம், குந்தாரப்பள்ளி வரை

2008 போகி, திங்கட்கிழமை, காலை 7.50. ஓசூர் நிலையத்திலிருந்து சென்னைப் பேருந்து கிளம்பியது. ஜன்னலோரம் என் மனைவி செல்வி, பக்கத்தில் நான், தலைக்கு மேல் பலகையில் இரண்டு பைகள். மதியத்துக்கு மேல் சென்னை. மறுநாள் விடிகாலை போர்ட் பிளேருக்கு விமானம். அங்கிருந்து இரண்டரை மணி நேரக் கப்பலில் ஹேவ்லாக் என்ற சின்னத் தீவு. கடற்கரையில் ஒரு மூங்கில் குடிலில் இரண்டு இரவு. இதையெல்லாம் நடத்துனரிடமும் சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

எனக்கு ஊர் சிவகங்கை, செல்விக்கு ஊத்தங்கரைப் பக்கம். கல்யாணமாகி ஐந்து வருடம், அவள் இன்னும் கடலைப் பார்த்ததில்லை. வாய்ப்பு வராமல் இல்லை. சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது உறவுக்காரர்கள் எல்லோரும் மெரினாவுக்குக் கிளம்ப, இவள் மட்டும் மண்டபத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். காரணம் எங்கள் வீட்டுக் காலண்டர். அதில் ஜூன் மாதத் தாளில் ஒரு தீவு. பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத தண்ணீர், வெள்ளை மணல், தண்ணீர் மேல் சாய்ந்த ஒரு மரம். ஜூன் முடிந்தும் அதைக் கிழிக்க விடவில்லை. "மொதமொத பாக்குற கடலு இதா இருக்கணுங்க. அப்புறம் எதை வேணா பாக்கலாம்" என்றாள். சிரிக்கத்தான் நினைத்தேன். முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து திட்டம் போடுவது என் வேலை. சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் நான் தர ஆய்வாளன். ஒரு தலைமுடிப் பருமன் பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவன். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்து, கப்பல் எத்தனை மணிக்கு, கடல் எப்போது உள்வாங்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தீவு முதலில் தெரியும் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். இடது பக்கமாம். மணலில் நடக்க இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினோம். செல்வி அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தாள்.

எங்கள் கம்பெனியில் பொங்கலுக்கு மூன்று நாள் விடுமுறை, போகிக்கு ஒரு நாள் நான் லீவு போட்டால் போதும். செல்விக்கு வேலை எல்லைக்கு அந்தப் பக்கம், பொம்மசந்திராவில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில். தினமும் கர்நாடகத்துக்குப் போய்த் தைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் தூங்க வருகிறவள். நவம்பரிலேயே சூப்பர்வைசர் மஞ்சுளாவிடம் நான்கு நாள் லீவு கேட்டாள். அந்தம்மா தலையாட்டி, நோட்டில் பெயர் எழுதிக்கொண்டார். இத்தனை முன்கூட்டிக் கேட்டதற்குப் பாராட்டு வேறு.

8.40. சூளகிரியைத் தாண்டியதும் செல்வியின் செல்போன் அடித்தது. மஞ்சுளா.

"செல்வி, எல்லிதியா? ட்யூட்டிக்கே யாக்கே பந்தில்லா?"

எங்கே இருக்கிறாய், ஏன் வேலைக்கு வரவில்லை என்கிறார். லீவு கொடுத்தீர்களே என்று செல்வி கன்னடத்தில் சொல்ல, அந்தப் பக்கம் பேச்சு நீண்டது. செல்வியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. போனை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"லீவு உகாதிக்காம்."

"உகாதியா? அது ஏப்ரல்லல்ல வருது!"

"தொட்ட ஹப்பக்கு லீவு வேணும்னு கேட்டன். எங்கூர்ல பொங்கலத்தான பெரிய பண்டிகைன்னு சொல்லுவம்? அதத்தான் கன்னடத்துல சொன்னன். அவங்களுக்குப் பெரிய பண்டிகை உகாதியாம். பொங்கலுக்கு நாளைக்கு ஒரு நாள்தானாம்."

நோட்டில் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தவன் நான். அந்த ஒரு சொல்லை மட்டும் அளந்து பார்க்கவில்லை. மஞ்சுளா மேல் கோபம், உகாதி மேல் கோபம், நடுவில் கோடு போட்டு மாநிலம் பிரித்தவர்கள் மேலும் கோபம். "போனா போகட்டும், வேற வேலை பாத்துக்கலாம்" என்றேன்.

"புதன்கெழமை ஷிப்மென்ட்டுங்க. மத்தியானத்துக்குள்ள வரலன்னா பேரை எடுத்துருவாங்களாம். ஆறு வருச சர்வீஸு. வேலைய விட்டுட்டுப் போயி கடலுக்கு முன்னால நின்னா, கடலா தெரியும்?"



8.55. குந்தாரப்பள்ளி. சாலை அகலப்படுத்தும் வேலையில் பேருந்து நின்றிருந்தது. பைகளை இறக்கினேன். நடத்துனருக்கு ஒன்றும் புரியவில்லை.

"மெட்ராஸுக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்க எறங்குறீங்களே? இன்னைக்கு சந்தை கூட இல்லையேங்க!"

வெள்ளிக்கிழமையென்றால் சந்தை மைதானத்தில் மாடு நிற்க இடமிருக்காது. அன்று புழுதி மட்டும்தான். சாலையைக் கடந்து ஓசூர் போகும் பக்கத்தில் நின்றோம். விமான டிக்கெட் தேதி மாற்ற முடியாத ரகம்.

"நீங்க போங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள் செல்வி.

கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. எனக்கும் அந்தத் தண்ணீரில் கால் வைக்க அவ்வளவு ஆசை இருந்தது.

"நீ பாக்காத கடலை நான் பாத்து என்ன செய்ய?" என்றேன்.

அவள் என் கையிலிருந்த பைகளில் ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

10.20. ஓசூர். நான் இறங்கிக்கொண்டேன். சென்னைக்கென்று கட்டிய புளிச்சோற்றை மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு, செல்வி அங்கிருந்தே பொம்மசந்திராவுக்கு வண்டி ஏறினாள். வீட்டுக்குப் போன பிறகும் பைகளைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பொங்கல். அவளுக்கும் அந்த ஒரு நாள் விடுமுறை. பால் பொங்கி வந்தபோது குலவையிட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். "இந்நேரம் மேல பறந்துட்டு இருப்பம், இல்லீங்களா?" சாப்பிடும்போது, "இப்ப எறங்கிருப்பம்." பாத்திரம் கழுவும்போது, "இப்ப கப்பலு. எடது பக்கம் உக்காந்திருப்பம்." மாலை வரை அப்படியே என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். குடிலின் வாசல் வரை போனோம். இருட்டியதும் நிறுத்திக்கொண்டாள்.

விடுமுறை முடிந்து போன முதல் நாளே, ஏப்ரலில் நான்கு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் உகாதி என்று போட்டேன். மனிதவள அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"சிவகங்கைக்காரனுக்கு ஏதுய்யா உகாதி? உங்களுக்குப் பெரிய பண்டிகை பொங்கல். அதுக்குத்தான் மூணு நாள் விட்டாச்சே?"

"எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் சேந்தாப்புல லீவு கிடைக்கிற நாள்தான் சார் பெரிய பண்டிகை."

அவர் சிரிக்கவில்லை. தாளைத் தட்டில் போட்டுவைத்தார். இதை எழுதும்வரை கையெழுத்தாகவில்லை.

டிக்கெட்டுக்கு மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். ஜூன் மாதத் தாள் புதுக் காலண்டருக்குப் பக்கத்தில் தனி ஆணியில் தொங்குகிறது. பைகள் இன்னும் கட்டியபடியே கட்டிலுக்கடியில் இருக்கின்றன. நேற்று அவற்றைத் தூசி தட்டிக்கொண்டே, ஓசூரிலிருந்து குந்தாரப்பள்ளி எவ்வளவு தூரம் என்று கேட்டாள் செல்வி. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் என்றேன்.

"அப்ப அவ்ளோ தூரம் போயாச்சு. மீதிதாங்க பாக்கி."