தணிகாசலம் அண்ணன் தேடிய வெறும் வண்டி எடை

சேதி வந்தபோது நான் கோழிக் கூண்டுகளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு ஒளிந்திருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி எழுதும்போது எதையும் குறைத்து எழுதினால் அவருக்கு ஆகாது. நான் ஒளிந்ததே அவருக்குப் பயந்துதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தணிகாசலம் அண்ணன் என் கடைக்கு வருவார். வாங்குவது அரைக் கிலோ. அதற்கு முன் மஞ்சள் பையிலிருந்து ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து என் தராசில் வைத்துப் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷமாக இது நடந்தது. அந்த வாரம் என் தராசு இருபது கிராம் கூடக் காட்டிக்கொண்டிருந்தது. வேண்டுமென்று செய்ததில்லை, சாரல் பட்டுக் கெட்டுவிட்டது. புதன்கிழமையே எனக்குத் தெரியும் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

என் மனைவி மும்தாஜ் கூண்டுப் பக்கம் வந்து நின்றாள். நான் இல்லையென்று சொல்லும்படி கையை ஆட்டினேன். அவள் கண்ணைத் துடைத்தாள். இதுக்கு எதுக்கு அழுவுறே, சங்கராபுரம் போயிருக்கேன்னு சொல்லேன் என்று முணுமுணுத்தேன்.

"அவரு வரலீங்க. விடிகாலையில தூக்கத்துலயே உயிரு போயிடுச்சாம்," என்றாள்.

குத்துக்காலிட்டவன் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் சர்க்கரை ஆலையில் எடைமேடை எழுத்தராக இருந்தவர். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில், என் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. ஆலையில் ஓய்வு பெற்றோர் சங்கத்தார் அவருக்கு நினைவு மலர் போடுகிறோம், நீ எழுது பாய் என்றார்கள். நான் அஞ்சாவது தாண்டாதவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், அண்ணனைப் போல நீங்களும் கல்லை எடுத்து வராதீர்கள்.

ஆலையில் கரும்பு எடை என்பது இரண்டு எடை. பாரம் ஏற்றிய வண்டியை ஒரு தடவை நிறுக்க வேண்டும். கரும்பை இறக்கிவிட்டு வெறும் வண்டியை மறுபடி நிறுக்க வேண்டும். அதில் இதைக் கழித்தால் கரும்பு. வெறும் வண்டி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கரும்பு கூடும். ஆகவே நம் ஆட்களின் மூளை எல்லாம் வெறும் வண்டியில்தான் வேலை செய்யும். பின்சக்கரம் ஒன்றை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். அண்ணன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஐயா, உங்க சக்கரம் ஒண்ணு இன்னும் என்கிட்ட வரலீங்க," என்று மரியாதையாகச் சொல்வார்.

எலவனாசூர்கோட்டைக்காரர் ஒருவர் ஒரு தடவை பாரத்தோடு குண்டு டிரைவரையும், வெறும் வண்டியோடு ஒல்லி டிரைவரையும் அனுப்பினார். அண்ணன் எழுதவில்லை. டீக்கடையில் போண்டா தின்றுகொண்டிருந்த குண்டரை வரவழைத்து டிராக்டரில் உட்காரவைத்துத்தான் நிறுத்தார். போண்டாவைக் கழிக்கணுமா அண்ணே என்று நான் பிற்பாடு கேட்டேன். அரை நிமிஷம் யோசித்தார். கேலி செய்கிறேன் என்பது அவருக்கு அப்புறம்தான் புரிந்தது.

ஆலைக்குச் சாதகமாகவும் நடக்கமாட்டார். மேடைக்கு அடியில் சேறு சேர்ந்தால் கழுவுகிறவரை ஒரு வண்டி ஏறாது. மேனேஜர் கத்துவார், இவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கும்போது கவலை பிடித்தது. ஆலைப் பென்ஷன் கேஸ் சிலிண்டருக்கும் கரண்டுக்கும் சரியாகப் போகும். கைக்கு வரும் மொத்தப் பணத்தை வைத்துத்தான் மிச்ச ஆயுசை ஓட்ட வேண்டும். மகன் செந்தில் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டை விற்றுவிட்டு ரெண்டு பேரும் எங்களோடு வந்துவிடுங்கள், ஒன்பதாவது மாடியில் அறை காலியாக இருக்கிறது என்றான். நல்ல பிள்ளை, பாசமாகத்தான் கூப்பிட்டான். அண்ணனுக்கும் சரோஜா அண்ணிக்கும் அந்த ஒன்பதாவது மாடிக்குப் போக மனசே இல்லை. கடைசியில் மகன், எண்களை நிரப்பினால் தானே கணக்குப் போடும் தாள் ஒன்றைப் போனில் அனுப்பினான். கேட்டதை எல்லாம் நிரப்புங்கள், அடியில் பச்சை வந்தால் பணம் போதும், ஊரிலேயே இருங்கள், சிவப்பு வந்தால் நான் கார் எடுத்துக்கொண்டு வருவேன் என்றான்.

அண்ணன் ஏஜெண்டுகளை அண்டவிடவில்லை. வந்தவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, நான் இதுல போட்டா உங்களுக்கு எவ்ளோ?" ரெண்டு பேர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். தானே படித்தார். பணத்தை மூன்று மூட்டையாகப் பிரித்தார். உடனே எடுக்க பேங்க், மாதாமாதம் வட்டி வர தபால் ஆபீஸ், பத்து வருஷத்துக்குத் தொடக்கூடாத மியூச்சுவல் ஃபண்ட்.

வட்டி வாங்காத ஆளு, வயசான காலத்துக்கு நீ என்ன வைத்திருக்கிறாய் என்று என்னைக் கேட்டார். முட்டைக்கோழி வைத்திருக்கிறேன் என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

அந்தத் தாளில் எத்தனை வயது வரை உயிரோடிருப்பீர்கள் என்றும் ஒரு கேள்வி. என்னிடம் ஓடி வந்தார். கறியில் தோலை எடுத்துவிட்டு நிறுக்கச் சொல்கிற ஆள் நீங்கள், நூறைத் தாண்டுவீர்கள் என்றேன். தொண்ணூறு என்று போட்டார்.

அடுத்த கேள்வி, மாதச் செலவு எவ்வளவு. அங்கேதான் வண்டி நின்றது. சம்பளம் வாங்குகிறவரைக்கும் செய்கிற செலவு பாரம் ஏற்றிய வண்டி, சும்மா இருந்தால் ஒரு மனுஷனுக்கு என்ன ஆகிறது என்பதுதான் வெறும் வண்டி எடை, அதைக் கண்டுபிடிக்காமல் எழுதமாட்டேன் என்றார். கரும்பு அரவை முடிந்ததும் ஒரு மாதம் லீவு போட்டார். ஓய்வுக்கு ஒத்திகை. காசு கொடுத்து வாங்குவது ஒவ்வொன்றையும் அண்ணி சொல்ல, அவர் எழுதினார். மாத முடிவில் கூட்டினால் அவருக்கே நம்பிக்கை வராத அளவுக்குக் கம்மி. தாள் பச்சைப்பசேல் என்றாகிவிட்டது. செந்திலும் ஒத்துக்கொண்டான். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து மும்தாஜின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள். மூன்று மாதம் ஓடியது. மூன்று மாதமும் செலவு கணக்கை மீறியது.

ஒரு மத்தியானம் போனில் அந்தத் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். முகம் சரியில்லை.

"பாய், நான் ஒத்திகை பார்த்தது எந்த மாசம்?"

"ரம்ஜான் மாசம்ணே."

"எங்க வூட்டுக்கு எத்தினி நாளு கஞ்சி அனுப்பினே?"

"முப்பது நாளும்."

"கூட?"

"வடை. சமோசா. கடைசி பத்து நாளு ஈரல்."

முட்டை அட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, காலி அட்டை. "என் சக்கரம் ஒண்ணு உங்க வூட்டு வாசல்ல நின்னுக்கினு இருந்திருக்குது பாய்," என்றார்.

நான் மட்டுமில்லை. மாதம் பூரா மனுஷன் வீட்டிலேயே கிடக்கிறாரே, என்ன கஷ்டமோ என்று எதிர்வீட்டு டெய்லர் வீட்டிலிருந்து தினம் காலை இட்லி போயிருக்கிறது. தெருவே ஏதாவது கொடுத்திருக்கிறது. அண்ணியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாராம். காசு கொடுத்து வாங்கினதைத்தானே சொல்லச் சொன்னீங்க என்று அண்ணி சொல்லிவிட்டார்.

விடவில்லை. தெரிந்தவர் யாரும் இல்லாத இடத்துக்குப் போய் ஒரு மாதம் இருந்தால்தான் சரியான எடை கிடைக்கும் என்று, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். அண்ணி மூட்டை கட்டினார். பத்து நாள் கழித்து நான் வண்டியில் பார்க்கப் போனேன். என் பையை மோந்து பார்த்துவிட்டு, ஓடைக்கு அந்தாண்டை வைத்துவிட்டு வா என்றார். ஒன்றரைக் கிலோ கோழி, ஓடைக்கு அந்தாண்டை நாய்தான் தின்றது.

முதல் பதினைந்து நாள் எடை சுத்தமாக வந்தது. பதினாறாம் நாள் மரவள்ளி வாங்க வியாபாரி ஒருவன் மலை ஏறி வந்தான். கிழங்கு மூட்டைகளை நிறுத்தான். அண்ணன் தூரத்தில்தான் நின்றார். கை சும்மா இருக்குமா? பையிலிருந்து கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூட்டைக்கு மூன்று கிலோ வியாபாரி பக்கம் போய்க்கொண்டிருந்தது. பழைய மூட்டைகளையும் சேர்த்து மறுபடி நிறுக்கவைத்துத்தான் அவனைக் கீழே இறங்கவிட்டார்.

அன்று சாயங்காலம் வாசலில் பலாப்பழம். மறுநாள் சாமை அரிசி, தேன், ஒரு மூட்டைக் கிழங்கு. காசு கொடுக்கப் போனார். வீட்டுக்காரப் பெண்மணி சிரித்துவிட்டு, மரம் சும்மாதானே காய்க்குது என்று போய்விட்டார். மிச்ச பதினைந்து நாளில் அண்ணன் வாங்கியது தீப்பெட்டி மட்டும்.

மலையிறங்கி வந்ததும் மகனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். முதல் பதினைந்து நாளை இரட்டிப்பாக்கித் தாளில் போட்டார்கள். சிவப்பு. செந்தில் அடுத்த ஞாயிறே காரோடு வந்துவிட்டான். வீட்டை விற்க ஆள் பார்க்கலாமா அப்பா என்று மெதுவாகத்தான் கேட்டான். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அண்ணி உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது.

"செந்திலு, இருவது வருஷம் ஆவுது. இந்தத் தெருவுலேர்ந்து எங்களுக்கு எதுவும் வராத மாசம் ஒண்ணுகூட இல்லை. தபால் ஆபீஸ் வட்டி குறையுது, உன் ஃபண்டு ஏறுது எறங்குது. இது ஒண்ணுதான் நின்னதில்லை. இதை ஏன் தாள்ல போடக்கூடாது?"

"அப்பா, பக்கத்து வீட்டுக் குழம்பை வருமானத்துல எழுத முடியாதுப்பா."

"ஏன் முடியாது? நான் மலை வரைக்கும் போய் நிறுத்துப் பாத்துட்டேன். வெறும் வண்டியா எவனும் மேடைக்கு வர்றதில்லைடா."

செந்தில் போனில் அந்தத் தாளைத் திறந்தான். பிறகு பென்ஷனுக்குக் கீழே ஒரு வரி சேர்த்து அதில் 'தெரு' என்று எழுதினான். என்ன தொகை போடுவது என்று என்னைத்தான் கேட்டான். ஈரலையும் சேர்த்துச் சொன்னேன். தாள் பச்சையானது.

அப்போது அண்ணி ஈரக்கையோடு வெளியே வந்தார். "உங்க அப்பாரு ஒண்ணை வுட்டுட்டாரு. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர முடியாது. நான் போட்டு அனுப்புறதுக்கும் ஒரு வரி எழுது."

எழுதினான். பச்சை போய் மஞ்சள் வந்தது. மஞ்சளுக்கு அவன் என்ன செய்வான் என்று முன்பே பேசிக்கொள்ளவில்லை. எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தோம். ஒரு வருஷம் பார்க்கலாம் என்றான். வருஷா வருஷம் அதையே சொன்னான்.

ஆறு வருஷம் மஞ்சளிலேயே ஓட்டினார்கள். தொண்ணூறு என்று எழுதியவர் அறுபத்தாறில் போய்விட்டார். எடை விஷயத்தில் அவர் ஏமாந்தது அது ஒன்றில்தான், அதுவும் என் பேச்சைக் கேட்டு. ஆனால் அவர் இருக்க ஆசைப்பட்ட வீட்டில், அவர் கட்டிலில், அவர் பணத்தில் இருந்துதான் போனார்.

சாவு வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். அன்று தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் சாப்பாடு வந்தது. மலையிலிருந்து அந்த வீட்டுக்காரப் பெண்மணி விஷயம் கேள்விப்பட்டு பஸ் பிடித்து வந்தார், கையில் சாமைச் சோறு. கூடத்தில் அண்ணன் படுத்திருந்தார், பின்கட்டில் பாத்திரங்கள் சுவரோரம் வரிசையாக நின்றன, சீசனில் ஆலை வாசலில் டிராக்டர்கள் நிற்பதுபோல. செந்தில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். போனை எடுக்கவில்லை.

போய் வாருங்கள் அண்ணே. அங்கேயும் எடை போடுகிறார்கள் என்று எங்கள் மார்க்கத்தில் சொல்வார்கள். மேடைக்கு அடியில் சேறு இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

காரியம் முடிந்ததும் செந்தில் அம்மாவைத் தன்னோடு பெங்களூருக்குக் கூப்பிட்டான். இத்தனை வீட்டுப் பாத்திரம் இருக்குது, எல்லாத்திலயும் எதாவது போட்டுத் திருப்பிக் குடுக்கணும், இப்ப எப்பிடிப்பா வர்றது என்று அண்ணி கேட்டார். அவன் மறுபடி கேட்கவில்லை. வழிக்குச் சாப்பிட அண்ணி கட்டிக்கொடுத்ததைக் காரின் பின்னால் வைத்துவிட்டுத் தனியாகப் புறப்பட்டான். புளிச்சோறு போட்டுக்கொடுத்த தேக்சாச் சட்டி பள்ளிவாசல் பாத்திரம், சாவு வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொடுக்க நான் கையெழுத்துப் போட்டு எடுத்தது. இப்போது அது பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. மூடி என்னிடம் இருக்கிறது. ஜமாஅத்தில் ரெண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.